பால்துரைக்குப் பெறுநர் இல்லை

“மோட்டார் போட்டாச்சு. அனைவரும் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும்” என்று சொன்ன அதே பெண் குரல், அதே பணிவோடு, அடுத்த மூச்சில், “கவனிக்கவும். இரண்டாம் மாடி, பால்துரை. மலச்சிக்கல். தகவல்” என்றும் சொன்னது.

பாளையங்கோட்டை ‘பொருநை நிழல்’ குடியிருப்பில் அந்தக் குரல் எட்டாத மூலை கிடையாது. வாசலில் ஒன்று, மாடிக்கு ஒன்று, லிப்டுக்குள் ஒன்று என்று ஒலிபெருக்கிகளை மாட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் வருகிற நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய பொழுது நாறிப்போகும் என்பதால், குரல் கேட்டதுமே எல்லா வீட்டிலும் டி.வி.யின் வாயை அடைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். அன்றும் கொடுத்தார்கள்.

பால்துரை அப்போது குளியலறையில்தான் இருந்தார். வேறு யாரோ ஒரு பால்துரை, பாவம், என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டாம் மாடியில் வேறு பால்துரை இல்லை என்பது உறைத்தபோது, “பால்துரை. அதிர்ச்சி. தகவல்” என்றது குரல். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். “பால்துரை. வெட்கம். தகவல்.” கீழே யாரோ சிரிப்பது கேட்டது. ஒருவர் இல்லை, பலர். “பால்துரை. கோபம். தகவல்” என்று சொல்லி ஒரு கணம் நிறுத்திய குரல், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்வதைப்போல், “பால்துரை. மலச்சிக்கல் நீங்கியது” என்றது.

கீழே கைதட்டினார்கள்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது, குடியிருப்புச் சங்கத் தலைவர் சங்கரபாண்டியன் வாசலில் நின்றிருந்தார். டவுனில் உரக்கடை வைத்திருப்பவர். மூட்டைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்ததாலோ என்னவோ, எதைப் பேசினாலும் மூட்டையை இறக்குகிற மாதிரி ஒரு தொம்மென்ற சத்தம் இருக்கும்.

“வாரும்வே. கடைசியில நல்ல சேதிதான் வந்துது” என்றார்.

“என்னவே கூத்து இது? எதுக்கு என் வயித்தக் கொண்டுபோயி மைக்ல போடுதீரு?”

“நான் எங்க போட்டேன்? உம்ம வயிறு, உம்ம குறிப்பான். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கனைத்தது. “பால்துரை. வலது கை முறுக்கம். அருகில் இருப்பவரை அடிக்கும் நோக்கம் இருக்கலாம். எச்சரிக்கை.”

சங்கரபாண்டியன் இரண்டடி பின்னால் போனார். பால்துரை தன் வலது கையைப் பார்த்தார். அது உண்மையிலேயே முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

குறிப்பான் எல்லோருக்கும் உண்டு. அரிசிமணி அளவில், காது மடலுக்குப் பின்னால். உடம்புக்குள் எது நடந்தாலும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடும். பசித்தால் ஒரு வரி, தும்மினால் ஒரு வரி, நெஞ்சு படபடத்தால் ஒரு வரி. அந்த வரியைத் தன் கையிலுள்ள கருவியில் படிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெறுநர் என்று பெயர். பிள்ளைகளுக்குத் தாய் பெறுநர். கல்யாணம் ஆகும்போது அது கைமாறும். தாலியோ மோதிரமோ, அது முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் காதோடு காது வைத்து நிற்க, “உன் சின்னதும் பெரியதுமான எல்லாக் குறிப்பையும் பெற்றுக்கொள்வேன்” என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மேளக்காரர்கள் பிளந்துகட்டுவார்கள். போட்டோக்காரர் எல்லோரையும் நகரச் சொல்வார்.

பால்துரைக்கும் லில்லிபுஷ்பத்துக்கும் கல்யாணமாகி வெகுகாலத்துக்குப் பிறகுதான் குறிப்பான் வந்தது. அதனால், வயதான தம்பதிகளுக்கென்று வேதக்கோயிலில் பாதிரி ஐயர் ஒரு தனி ஆராதனை வைத்தார். ஞாயிறு காலை வரிசையில் நின்று, காதோடு காது வைத்து, கழுத்து சுளுக்கி வீட்டுக்கு வந்தார்கள்.

அதிலிருந்து பால்துரைக்கு வாழ்க்கை வெகு சுலபமாகிவிட்டது. அவர் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், முகவரியைப் பார்த்து எந்தக் கடிதம் எந்தப் பைக்கு என்று வீசியவர். ஒரு செய்தி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பது அவருடைய கட்சி. எனவே பசிக்கிறது என்று சொல்வதை நிறுத்தினார். முழங்கால் வலியைச் சொல்வதை நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், சாப்பாடு வந்தது. காலை நீட்டினால் தைலம் வந்தது. நாலு மணிக்குச் சுக்குக்காப்பி.

“சேதி வந்துட்டா லில்லி?” என்று மட்டும் கேட்பார்.

“வந்துட்டு, வந்துட்டு” என்பாள் அவள்.

போன கோடையில் லில்லி இறந்துபோனாள். ஆஸ்பத்திரி, கல்லறை, காப்பீட்டு அலுவலகம், ரேஷன் கார்டு என்று எல்லா இடத்திலும் கேட்ட கையெழுத்தைப் பால்துரை போட்டுக்கொடுத்தார். பெயரை எடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் எடுத்தார். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பார். எதற்கென்று அவருக்கே தெரியாது. மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் தலையைத் தனியாக எடுத்து வைப்பார், ஏனென்றால் தலை அவளுக்கு. மறுநாள் அதைப் பூனைக்குப் போடுவார்.

ஒலிபெருக்கி அவர் மானத்தை வாங்கிய அன்று பகலிலேயே மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் குறிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சுடலைவடிவு. தோளில் பெரிய பை, கையில் பலகைக் கணினி. வீட்டுக்குள் வந்ததும் மின்விசிறிக்குக் கீழே உள்ள இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

“உங்க குறிப்பான்ல ஒரு பழுதும் இல்ல சார். நல்லா வேலை செய்யுது.”

“அது நல்லா வேலை செய்யுதது ஊருக்கே தெரியுமே. ஏன் மைக்குக்குப் போகுதுன்னு சொல்லும்மா.”

“பெறுநர் இறந்துட்டா, ஆறு மாசம் அவங்க பெட்டியத் திறந்தே வச்சிருப்போம் சார். துக்க காலம்னு. அதுவரைக்கும் உங்க குறிப்பு அதுலயே விழுந்துகிட்டு கெடக்கும். அப்புறம் பெட்டிய மூடிருவோம். மூடிட்டா குறிப்பு ஒரு படி மேல ஏறும். உங்க அம்மா அப்பாவுக்கு.”

“அவங்க போயி எவ்வளவோ காலமாச்சு.”

“அதான் சார். அதுக்கு மேல வீடு. வீட்ல வேற ஆள் இல்ல. அதுக்கும் மேல கட்டடம். ஏறிக்கிட்டே போயி, எங்க ஒரு காது இருக்கோ அங்க விழும். கேக்க ஆளில்லாத குறிப்புன்னு ஒண்ணு இருக்கக் கூடாதுங்கறது சட்டம்.”

பால்துரை யோசித்தார். “தபால்ல ஆள் இல்லேன்னா அனுப்புனவருக்கே திருப்பி அனுப்பிருவோம். ‘பெறுநர் காலமானார்’னு ஒரு முத்திரை. அவ்வளவுதான். தெருவுல நின்னு பிரிச்சுப் படிக்கதில்ல.”

“உங்களுக்கே திருப்பி அனுப்பி என்ன சார் செய்ய? உங்களுக்குப் பசிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

உண்மையில் அது அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் தலை சுற்றியபோதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“அப்ப அந்த மைக்கை மாத்து. ஆபத்து, எச்சரிக்கை மட்டும் சொன்னாப் போதும்னு வையி.”

வடிவு கணினியைத் தடவினாள். “முடியாது சார். ஆளில்லாத குறிப்புல எது எது வேணும்னு சங்கத்துக்கிட்ட கேட்டிருக்காங்க. உங்க தலைவர் எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்காரு. ‘அரசாங்கம் சும்மா குடுக்கத எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்’னு பக்கத்துல எழுதியும் வச்சிருக்காரு. இந்த மாடல்ல எல்லாம் வரும், இல்லேன்னா ஒண்ணும் வராது. ஒண்ணும் வரலேன்னா மோட்டார் சேதியும் வராது.”

“அப்ப எனக்கு என்னதான் வழி?”

“ரொம்பச் சுலபம் சார். புதுப் பெறுநர் பேரு குடுங்க. அதுக்கு முன்னாடி பழைய பேர எடுக்கணும்.” அவள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில், ‘லில்லிபுஷ்பம் என்னும் பெறுநரை நீக்கவா?’ என்று இருந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

பால்துரை விரலை நீட்டினார். விரல் திரைக்கு மேலே நின்றது. ரேஷன் கார்டில் அவள் பெயர் வெறும் அரிசிக்காக இருந்தது. இங்கே அப்படியில்லை. இத்தனை வருடமாக அவருடைய தும்மலும் கொட்டாவியும் பயமும் போய்ச் சேர்ந்த இடம் இது. இந்தப் பெயரை எடுத்துவிட்டால், அவரை முழுதாக வாங்கி வைத்துக்கொண்ட ஒருத்தி இருந்தாள் என்பதற்கே இடமில்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

அவர் ‘இல்லை’யை அழுத்தினார்.

“கவனிக்கவும். இரண்டாம் மாடி, பால்துரை. தொண்டை அடைப்பு. தகவல்” என்றது ஒலிபெருக்கி.

அதற்குப் பிறகு குடியிருப்புக்குப் பொழுது நன்றாகப் போனது.

எதிர் வீட்டு ஜுனைதா கால்நடை மருத்துவர். மேலப்பாளையத்துக்காரி. மனிதர்களைவிட மாடுகளோடு அதிகம் பேசுபவள் என்பதால் முகத்துக்கு நேரே பேசுவாள். மலச்சிக்கல் செய்தி வந்த மறுநாள் தட்டு நிறைய இடியாப்பமும் கறிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பால்துரை ஒரு வாய் வைத்துவிட்டு, “ரொம்ப நல்லாருக்கும்மா” என்றார்.

“பால்துரை. விழுங்குவதில் சிரமம். பொய் சொல்லியிருக்கலாம். தகவல்.”

ஜுனைதா இடுப்பில் கையை வைத்தாள். “பொய்யா அண்ணாச்சி?”

“இல்லம்மா. உப்பு மட்டும் ஒரு இது…”

“அத வாயத் திறந்து சொன்னா என்ன? எங்கிட்ட வார எருமைகூட வேண்டாம்னா மூஞ்சத் திருப்பிக்கிடும்.”

அடுத்ததாக, குடியிருப்புக்குப் புதிய ஜெனரேட்டர் வந்தது. சங்கரபாண்டியன் அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, உரையாற்றத் தொடங்கினார். மின்சாரம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தார். மரியாதைக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பால்துரை முகத்தை வெகு சிரத்தையாக வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

“பால்துரை. கொட்டாவி அடக்கப்பட்டது. தகவல்” என்றது குரல். சங்கரபாண்டியன் சற்று வேகமாகப் பேசினார். “பால்துரை. கொட்டாவி அடக்கப்பட்டது. தகவல்.” பிள்ளைகள் ஒவ்வொரு கொட்டாவிக்கும் விரல் மடக்க ஆரம்பித்தார்கள். சங்கரபாண்டியன் நிலக்கரி காலத்துக்கு வந்தபோது, “பால்துரை. உறக்கம்” என்று அறிவித்துவிட்டுக் குரல் ஓய்ந்தது. கூட்டம் விசில் அடித்தது. சங்கரபாண்டியனின் மனைவி பிரமநாயகியும் அடித்தாள். அவளுக்கு அவ்வளவு நன்றாக விசில் அடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

சிரிப்பு இல்லாத ஒரு அறிவிப்பும் இருந்தது. அது நாலு மணி வாக்கில் வரும். “இரண்டாம் மாடி, பால்துரை. காத்திருப்பு. நுண்குறிப்பு.” நுண்குறிப்பு, தகவல், எச்சரிக்கை, ஆபத்து என்ற நான்கு நிலைகளில் ஆகக் கீழானது அது. வீடுகளில் அதைச் ‘சும்மா’ என்றுதான் சொல்வார்கள். இமை துடிப்பது, விரலை நெட்டி முறிப்பது மாதிரியான விஷயங்கள் அதில் வரும். முதல் சில நாட்கள் பிள்ளைகள் இதையும் குரல் மாற்றிச் சொல்லி விளையாடினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் விட்டு அது மறுபடி வரும். ஜுனைதா ஒருநாள் அந்த நேரம் பார்த்து டீ கொண்டுபோனாள். அவர் குடித்தார். நன்றி சொன்னார். அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்துவதற்குள், “பால்துரை. காத்திருப்பு” என்றது குரல்.

பிரமநாயகிக்கு அதைக் கேட்டால் கை ஓடவில்லை. “ஏங்க, ஒரு மனுசன் உக்காந்து காத்துக்கெடக்கத மைக்ல கேட்டுக்கிட்டு நான் எப்பிடி வெங்காயம் உரிக்க? ஒரு முடிவு கட்டுங்க” என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். சங்கரபாண்டியனுக்கு ஏற்கெனவே ஜெனரேட்டர் வயிற்றெரிச்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வருகிற நேரமாகப் பார்த்துப் பொதுக்குழுவைக் கூட்டினார்.

மாடிக் கூடத்தில் அத்தனை குடும்பமும் வந்துவிட்டது. வடிவையும் வரவழைத்திருந்தார்கள்.

“இது யாருக்கும் விரோதமான கூட்டம் இல்ல” என்று ஆரம்பித்தார் சங்கரபாண்டியன். “பால்துரை இன்னைக்கே பெறுநரை மாத்தணும். இல்லேன்னா மைக் கனெக்சனை அத்து விட்டுருவோம்.”

“அத்துட்டா தண்ணி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“தண்ணியும் போகும்.”

அத்தனை தலையும் பால்துரை பக்கம் திரும்பியது. மனிதர் துக்கத்தில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் முகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

“பால்துரை. வியர்வை. தகவல்.”

“ஏன்வே பிடிவாதம் பிடிக்கீரு?” என்றார் சங்கரபாண்டியன், தாழ்த்திய மூட்டைக் குரலில். “லில்லி மைனி நல்ல ஆத்மா. இல்லேன்னு யாரு சொன்னா? பேர எடுத்தா மட்டும் அவுக இல்லாமப் போயிருவாவளா?”

பால்துரை எழுந்தார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. “உங்களுக்கெல்லாம் ஆள் இருக்கு. அதான் தெரியல. எனக்கு ஒண்ணுன்னா அவளுக்குத்தான் முதல்ல தெரியும். எனக்கே அப்புறந்தான் தெரியும். நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அத்தனையும் அவ வாங்கி வச்சிருந்தா. அந்த இடத்துல இன்னொரு பேர எப்பிடி எழுத?”

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிரமநாயகி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில், பாருங்க, ஆம்பிளைன்னா இப்பிடில்லா இருக்கணும் என்று எழுதியிருந்தது.

வடிவு எழுந்து வந்து கூடத்து டி.வி.யோடு தன் கணினியை இணைத்தாள். “சார், நீங்க அன்னைக்கு ‘இல்லை’ன்னதும் இந்தக் கட்டடமே உங்களுக்குப் பெறுநர்னு பதிவாயிருச்சு. ஒப்படைக்கறதுன்னா எல்லாரும் பாக்கறாப்ல செய்யணும்னு விதி. நீங்க இன்னைக்கு ‘இல்லை’ய அமுக்கினாலும் சரி, ‘ஆம்’ அமுக்கினாலும் சரி, பெரிய திரையில வந்தாத்தான் செல்லும். அதுக்கு முன்னாடி பழைய பெறுநர் எந்தெந்தக் குறிப்ப எப்பிடி வாங்கிக்கிட்டு இருந்தாங்கன்னு காட்டும். புதுசா வாரவங்களுக்கும் அதே மாதிரி வேணுமான்னு கேக்கறதுக்காக.”

டி.வி. வெளுத்தது. எழுத்துகள் வந்தன. வடிவு சட்டென்று திரைக்கு முன்னால் வந்து நின்றாள். சின்னப் பெண், ஒல்லி. பாதியைத்தான் மறைக்க முடிந்தது.

“தள்ளிக்கோம்மா” என்றார் பால்துரை.

“சார், இது தேவையில்ல, நேரா அடுத்த பக்கத்துக்குப் போயிரலாம்.”

“தள்ளிக்கோ. முகவரி வாசிச்சே வயிறு கழுவுனவன் நான்.”

அவள் தள்ளிக்கொண்டாள். பால்துரை வாசித்தார். கூட்டமும் கூடவே வாசித்தது.

நுண்குறிப்பு: அணைக்கப்பட்டது. தகவல்: அணைக்கப்பட்டது. எச்சரிக்கை: அணைக்கப்பட்டது. ஆபத்து: அணைக்க இயலாது. அணைத்தவர்: பெறுநர். அணைத்த நாள்: பதிவு செய்த அன்று, மாலை. பெறுநர் கடைசியாகப் படித்த குறிப்பு: தும்மல்.

ஆராதனை நடந்த அன்று பால்துரைக்கு நல்ல ஜலதோஷம். அது அவருக்கு நினைவிருந்தது.

“பழுதா இருக்கும்” என்றார்.

“இல்ல சார்.”

“பழுதுதான். அவ வாங்கிக்கிட்டுத்தான் இருந்தா. நான் கேப்பேன், சேதி வந்துட்டான்னு. வந்துட்டும்பா. வாய் திறக்க முன்னாடி சுக்குக்காப்பி வரும். முழங்கால் வலின்னா தைலம் வரும். சேதி போகாம அதெல்லாம் எப்பிடி வரும்?”

ஜுனைதா கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு எழுந்தாள். “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. நீங்க படி ஏறும்போது ‘ஏசுவே, என் முட்டி’ன்னு போடுத சத்தம் மூணாம் மாடிக்குக் கேக்கும். பசிச்சா பேப்பரத் தலகீழாப் பிடிச்சுப் படிப்பீய. கோவம் வந்தா செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போவீய. மாட்டுக்கு ஏது குறிப்பான்? மூஞ்சியப் பாத்துத்தான நான் ஊசி போடுதேன். உங்க மூஞ்சி அதவிடச் சுலபம். மைனிக்கு அது எதுக்கு?”

பால்துரை உட்கார்ந்துவிட்டார். வந்துட்டு, வந்துட்டு. இத்தனை வருடமும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்தி போய்க்கொண்டிருக்கிறது என்று இருந்திருக்கிறார். அவள் கையில் கரண்டியோடு அவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“கவனிக்கவும்” என்றது ஒலிபெருக்கி. “பால்துரை.” அது வெகுநேரம் யோசித்தது. “வகைப்படுத்த முடியவில்லை. தகவல்.”

வடிவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அரசு ஊழியர் யாரும் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னாள்: “மனசுல வச்சுக்கிடாதீங்க சார். எல்லா வீட்லயும் இப்பிடித்தான். ரெண்டு மூணு நாளுக்கு மேல யாரும் திறந்து வச்சிருக்கறதே இல்ல.”

கூடத்தில் ஒரு சிலர் தங்கள் கருவியைப் பைக்குள் தள்ளினார்கள்.

பிறகு பிரமநாயகி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். “என் குறிப்ப எப்பிடி வச்சிருக்கீயன்னு எடுங்க, பாப்போம்.”

“எதுக்குட்டி இப்ப அது?”

“எடுங்கங்கேன்.”

“மொதல்ல நீ ஒன்னோடத எடு!”

அவ்வளவுதான். கூடம் முழுக்க ஆளுக்கு ஆள் கருவியைப் பிடுங்கினார்கள். “எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ‘ராத்திரியெல்லாம் ஒன் சேதிதான் பாத்துக்கிட்டிருந்தேன்’னு சொன்னீயள!” என்று ஒருத்தி. “நான் கல்யாணத்தன்னைக்கு ராத்திரிதான் அணைச்சேன், நீ மத்தியானமேல்ல அணைச்சிருக்க!” என்று ஒருவர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும், இரண்டு பேரும் திறந்து வைத்திருந்ததற்காகப் பெருமையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள்ளும், திறந்து வைத்துக்கொண்டே ஏன் பதில் சொல்லவில்லை என்று சண்டை மூண்டது. பிரமநாயகி விரல் விட்டு விசில் அடித்து, தன் முறை வரும்வரை எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

பால்துரை எழுந்து டி.வி. அருகில் வந்தார். வடிவு சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

“அவ இதுக்குள்ள ஒருநாளும் இருக்கலியேம்மா” என்றார். “பேரு மட்டும் எதுக்கு இங்க கெடக்கணும்?”

அவர் கணினியில் ‘ஆம்’ என்ற கட்டத்தை அழுத்தினார். ஒலிபெருக்கி, “பால்துரை. விரல் நடுக்—” என்று தொடங்கிப் பாதியில் நின்றது. லில்லியின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

“புதுப் பேரு சார்?”

பால்துரை கூடத்தைப் பார்த்தார். யாரைக் கேட்பது? யாரும் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. சங்கரபாண்டியன் சட்டையில் ஒரு பொத்தான் குறைய, கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தார்.

“என் பேரப் போடும்வே” என்றார், மூச்சு வாங்க. “போட்ட உடனே அணைச்சிருவேன். உம்ம கொட்டாவியெல்லாம் எனக்கு எதுக்கு? சாயங்காலம் கடை அடச்சிட்டு வரும்போது எட்டிப் பாத்துட்டுப் போறேன்.”

“தினமுமா?”

“என்னைக்கு வரலியோ அன்னைக்கு நீரு வந்து என்னப் பாரும். எம்மூஞ்சியும் அப்பிடி ஒண்ணும் கஷ்டமில்ல.”

வடிவு பெயரை எழுதினாள். திரை ஒருமுறை பச்சை காட்டி அணைந்தது. பால்துரை அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கோயிலுக்கு வெறும் வயிற்றோடு போனவர் அவர்; இப்போது மணி பகல் ஒன்றைத் தாண்டிவிட்டது. உள்ளே ஏதோ பிசைந்தது. அது என்ன என்று யாராவது சொல்வார்கள் என்று சற்று நின்று பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“எனக்குப் பசிக்கி” என்றார்.

பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அளவு தெரியவில்லை. கூடம் அதிர்ந்தது. அத்தனை சண்டையும் அப்படியே நின்று, அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது.

சங்கரபாண்டியனின் கருவியை ஒரு கையிலும் காலரை மறு கையிலும் எட்டிப் பிடித்திருந்த பிரமநாயகி, “அதுக்கு ஏன் அண்ணாச்சி இந்தக் கத்து கத்துதீய?” என்றாள். “எங்க வீட்ல குழம்பு இருக்கு. இந்த மனுசன முடிச்சிட்டு வந்து சோறு வைக்கேன். கைய கழுவிட்டு இருங்க.”

பால்துரை கை கழுவப் போனார்.